கம்பெனி பஸ்ஸின் இடது பக்கம்

அன்பரசிக்குத் தலைவலி வந்தால் பாதித் தலைக்குத்தான் வரும். அதுவும் வலது பாதிக்கு. நெற்றிப்பொட்டில் தொடங்கிக் கண்ணுக்குப் பின்னால் இறங்கி, பல் வரைக்கும் கம்பி சொருகிய மாதிரி இழுக்கும். இடது பாதி தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல இருக்கும். மாமியார் நஞ்சம்மாள் இதை நம்பவே இல்லை.

"தலை வலிச்சா முழுசா வலிக்கணும். அதென்னடி பாகம் பிரிச்சு வலிக்கறது?"

தருமபுரி டாக்டர் நம்பினார். "உனக்கு வெயில் ஆகாதும்மா. மொகத்துல வெயில் படாம பாத்துக்க" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பாவம், அவருக்கு அன்பரசி தினமும் ஏறுகிற பஸ்ஸைப் பற்றித் தெரியாது.

அது ஓசூருக்கு முன்னால் இருக்கிற வயர் கம்பெனியின் பஸ். கார்களுக்குள்ளே நரம்பு மாதிரி ஓடுமே, கலர் கலராய் வயர்க்கட்டு, அதைக் கட்டுகிற கம்பெனி. வேலை செய்வது முழுக்கப் பெண்கள். பஸ் அதியமான்கோட்டையில் கிளம்பி, தருமபுரி நாலு ரோட்டில் மிச்சப் பேரை ஏற்றிக்கொண்டு, ஹைவேயில் வடக்கே போகும். காலையில் சூரியன் கிழக்கே இருப்பதால் வெயில் வலது ஜன்னலில் அடிக்கும். சாயங்காலம் பஸ் தெற்கே திரும்பும். சூரியனும் அதற்குள் மேற்கே போய்விட்டிருப்பதால் மறுபடியும் அதே வலது ஜன்னல்தான். போகும்போது வெந்தவர்கள் வரும்போதும் வேக வேண்டும். இடது பக்கத்துக்காரர்களுக்குப் போகும்போதும் நிழல், வரும்போதும் நிழல்.

இந்த அநியாயத்தை அன்பரசி ஒருமுறை டிரைவர் தர்மனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஏண்ணா, திரும்பி வர்றப்பவாவது வெயிலு அந்தப் பக்கம் அடிக்கற மாதிரி ஓட்டக் கூடாதா?"

"ரிவர்ஸ்ல வேணா வர்றம்மா. நேரா தொப்பூர் மலைப் பள்ளத்துலதான் போயி நிப்போம்" என்றார் தர்மன்.

அன்பரசி பாப்பாரப்பட்டிக்காரி. டவுன் பஸ் பிடித்து நாலு ரோட்டுக்கு வந்து சேரும்போது எல்லாரும் ஏறியிருப்பார்கள். வலது பக்கம் மூன்று பேர் உட்காரும் சீட்டு. அதில் யாருக்கும் வேண்டாத இடம் ஜன்னலோரம். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடாத பஸ் தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான் இருக்கும். கடைசியாக வருகிற அன்பரசிக்கு அந்த ஜன்னல் எப்போதும் காத்திருக்கும். பக்கத்தில் ஜாஸ்மின். தருமபுரிப் பெண், வாய் மட்டும் சும்மா இருக்காது.

இரண்டு தடவை அன்பரசி தலைவலியோடு லைனில் நின்று, மஞ்சள் வயர் போக வேண்டிய ஓட்டையில் பச்சையைச் சொருகிவிட்டாள். சூப்பர்வைசர் சந்திரமோகன் கோபப்படாத மனிதர். அதுதான் பயமே. "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா, நீங்க வூட்லயே ரெஸ்ட் எடுத்துக்கங்க அன்பரசி" என்று மெதுவாகச் சொன்னார்.

வீடு என்றால் நஞ்சம்மாள், அவளுடைய எருமை, காலை முதல் அணையாத டிவி. கல்யாணமாகி நாலைந்து வருஷம் வீட்டில் அவளை "ஏ" என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பெனியில் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது, அதில் பேர் இருந்தது, சூப்பர்வைசர் திட்டினால்கூடப் பேர் சொல்லித்தான் திட்டினார். அந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எருமையிடம் போக அவள் தயாராக இல்லை. அதற்கு ஒரே வழி, இடது பக்கத்தில் ஒரு சீட்டு.

அந்தச் சீட்டு கிடைப்பது லேசில்லை.

பஸ் ஓட ஆரம்பித்த முதல் வாரத்தில் பக்கம் என்ற ஒன்றே கிடையாது. எல்லாருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி, ஒரே சம்பளம், கேண்டீனில் ஒரே சாம்பார். ஊர்ப் பேரைச் சொன்னதும் எந்தத் தெரு என்று கேட்கிற பழக்கம் பஸ்ஸுக்குள் வரக்கூடாது என்று அதியமான்கோட்டை ஜானகியம்மாள் எழுந்து நின்றே சொன்னார். வயதில் மூத்தவர், கொஞ்சம் நிலம் நீச்சு உள்ளவர், குரலும் பெரிசு.

"அந்தக் கதையெல்லாம் இங்க வேண்டாஞ் சாமி. நாம எல்லாம் ஒரே கம்பெனிப் பொம்பளைங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டி உட்கார்ந்த நேரத்தில்தான் வெயில் ஏறியது.

அதியமான்கோட்டைக்காரர்கள் முதலில் ஏறுகிறவர்கள். எழுந்து இடது பக்கம் மாறிக்கொண்டார்கள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, காலிச் சீட்டு இருந்தது, மாறினார்கள். மறுநாள் ஏறும்போதே அங்கே உட்கார்ந்தார்கள். அப்புறம் வராத ஆளுக்குப் பை போட்டு இடம் பிடித்தார்கள். ஒரு மாதம் போனதும் பை இல்லாவிட்டாலும் அங்கே ஒரு பை இருப்பதுபோல எல்லாருக்கும் தோன்ற ஆரம்பித்தது. கம்பெனி ஜன்னல்களுக்குத் திரை மாட்டிக் கொடுத்தது. இரண்டே வாரத்தில் திரைகள் காணாமல் போயின. இலக்கியம்பட்டியில் ஒரு வீட்டுச் சமையல்கட்டில் அதே பூப்போட்ட துணி தொங்குவதாக ஜாஸ்மின் சத்தியம் செய்தாள்.

அதற்குப் பிறகு காரணங்கள் வந்தன. இடது பக்கத்தார் நிழலில் நன்றாகத் தூங்கி, முகம் கழுவிய மாதிரி இறங்குவார்கள். வலது பக்கத்தார் வெந்து, வியர்த்து, யாரைப் பார்த்தாலும் கடிக்கிற முகத்தோடு இறங்குவார்கள்.

"பாரு, அந்தப் பக்கத்துக்காரங்களுக்குப் பொறவியிலயே சிடுசிடுப்பு. அதனாலதான் அந்தப் பக்கம் ஒக்காருதுங்க" என்றார்கள் இடது பக்கத்தில்.

தூங்கி வந்தவர்கள் தப்பில்லாமல் வயர் கட்டினார்கள். மாதா மாதம் நோட்டீஸ் போர்டில் நல்ல தொழிலாளி என்று ஒட்டுகிற போட்டோவில் இடது பக்கத்து முகங்களே இருந்தன. சந்திரமோகனுக்கே, அவர் அந்தப் பஸ்ஸில் ஏறாதவர், "லெஃப்ட் சைடு ஆளுங்க சின்சியர்" என்று ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. ஆயுதபூஜைக்குப் பொரி கொடுக்கும்போது இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்கள். வலது பக்கம் வந்து சேரும்போது கடலை தீர்ந்து வெறும் பொரிதான் இருந்தது. அடுத்த ஆயுதபூஜைக்கு வலது பக்கத்தாரே கைநீட்டாமல் இருந்து, இடது பக்கம் முடியட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் சீட்டு அவள் நாத்தனாருக்குப் போகும். நாத்தனார் இல்லையென்றால் சித்தி மகளுக்கு. ஜானகியம்மாளின் அண்ணன் மகள் பிரியதர்ஷினி வேலையில் சேர்ந்த முதல் நாளே இடது பக்கம் இரண்டாவது சீட்டில் வந்து உட்கார்ந்தாள். அந்தச் சீட்டு அவள் பிளஸ் டூ படிக்கும்போதே அவளுக்காக இருந்ததாம்.

"ஊருக்குள்ள தெரு. பஸ்ஸுக்குள்ள சைடு. கம்பெனிக்குள்ள ஒண்ணுமில்லன்னு நெனச்சேன், அங்கயும் போட்டோ ஒட்டிட்டானுங்க" என்பாள் ஜாஸ்மின்.

அன்பரசி ஒருநாள் துணிந்து ஜானகியம்மாளிடமே போய்க் கேட்டாள். டாக்டர் சொன்னதைச் சொன்னாள், சூப்பர்வைசர் சொன்னதையும் சொன்னாள். ஜானகியம்மாள் அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்.

"உனக்கில்லாததா சாமி? நீ கேட்டு நான் இல்லேங்கறதா? ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல. காலங்காலமா வர்ற மொறை."

"பஸ்ஸு வந்தே ரெண்டு வருசந்தானுங்க ஆவுது."

"அதத்தாஞ் சொல்றேன். ரெண்டு வருசமா கட்டிக் காப்பாத்தின மொறை. நானே ஒடச்சா நல்லாருக்குமா?"

திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெயில் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் ராணியம்மாள் கதை கிளம்பியது. இடது பக்கம் மூன்றாவது சீட்டு ராணியம்மாளின் மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறான். அவளுக்கு நாத்தனாரும் இல்லை, சித்தி மகளும் இல்லை. வலது பக்கம் முழுக்கப் பரபரத்தது. ராணியம்மாளுக்கு டிபன்பாக்ஸ் டிபன்பாக்ஸாகப் பலகாரம் போனது. ஒருத்தி அவளுடைய முழங்கால் வலிக்கு எண்ணெய் காய்ச்சிக் கொண்டு வந்தாள்.

அன்பரசி பலகாரம் செய்யவில்லை. மாமியாரிடம் போனாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் நஞ்சம்மாளைப் பற்றி நஞ்சம்மாளிடமே விசாரித்தது அதுதான் முதல் தடவை.

"ஏனுங்கத்தே, உங்கம்மா பொறந்தது எந்தூருங்க?"

"எதுக்குடி?"

"சும்மாதானுங்க."

"எங்கம்மா ஊரு பென்னாகரம் பக்கம். எங்கப்பாவோட சித்தப்பன் ஒருத்தன் அதியமாங்கோட்டையில பைரவர் கோயில் கிட்ட டீக்கடை வெச்சிருந்தான். கடைய மூடிட்டு எங்கியோ போயிட்டான். எவனுக்கோ பாக்கி வெச்சிட்டு."

அன்பரசிக்கு அதற்கு மேல் வேண்டாம். பாக்கியை விட்டுவிட்டு டீக்கடையை மட்டும் எடுத்துக்கொண்டாள். மறுநாள் ஜானகியம்மாள் காதில் விழுகிற தூரத்தில், "எங்க மாமியா வழியில நாங்க அதியமாங்கோட்டைங்க. பைரவர் கோயில் கிட்டத்தான் பூர்வீகம்" என்று யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

ஜானகியம்மாள் திரும்பினார். "பைரவர் கோயில் கிட்டயா? யாரு வூடு?"

"டீக்கடைக்காரங்க வூடுன்னு சொல்லுவாங்களாமுங்க."

அந்த டீக்கடையை ஜானகியம்மாளுக்கும் தெரியாது, அவருக்கு மூத்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் தெரியாது என்று சொன்னால் ஊர்ப்பெருமை என்னாவது? "ஆமாமா, டீக்கடைக்காரங்க. பெரிய வூடு" என்று தலையாட்டினார். கூட இருந்த அதியமான்கோட்டைக்காரர்களும் தலையாட்டினார்கள். ஒருத்தி அந்தக் கடையில் போட்ட வடையைப் பற்றிக்கூட ஞாபகம் வந்து சொன்னாள். அந்த வாரமே அன்பரசி எங்கள் ஊர் மருமகள் என்று ஆகி, ராணியம்மாளின் சீட்டில் உட்கார்ந்தாள்.

நிழல் எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். லைனில் ஒரு வயர்கூடத் தப்பவில்லை. சந்திரமோகன் அவள் பின்னால் நின்று பார்த்துவிட்டு "குட்" என்றார்.

இடது பக்கத்துக்கு என்று சில நடைமுறைகள் இருந்தன. நடுவழியைத் தாண்டிச் சத்தம் போட்டுப் பேசக்கூடாது. வேகவைத்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கு கொண்டு வந்து பஸ்ஸில் உரிக்கக்கூடாது. எல்லாவற்றையும் இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். மூன்றாம் நாள் ஜாஸ்மின் வலது பக்கத்திலிருந்து, "ஏய் டீக்கடை! கெழங்கு வேணுமா?" என்று கத்தினாள். அன்பரசி கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி இருந்தாள். மனசுக்குள், அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம் என்று தோன்றியது. தோன்றியதும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒரு வாரத்தில் அந்த வெட்கமும் நின்றுவிட்டது. காய்ச்சலோடு வந்த ஜாஸ்மின் காரிமங்கலம் வரைக்கும் நிழலில் உட்கார்ந்துக்கறேன் என்று கேட்டபோது, "எனக்கொண்ணுமில்ல ஜாஸ்மின், பாக்கறவங்க என்ன நெனப்பாங்க" என்றாள்.

ஜாஸ்மின் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெயிலுக்கே போய் உட்கார்ந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை கம்பெனி ஷிப்டை மாற்றியது. இனிமேல் மத்தியானம் கிளம்பி, ராத்திரி வேலை முடிந்து திரும்ப வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எல்லாரும் ஏறினார்கள். அவரவர் பக்கம், அவரவர் சீட்டு. பஸ் வடக்கே திரும்பியது. சூரியன் உச்சி தாண்டி மேற்கே சரிந்திருந்தது. காரிமங்கலம் வருவதற்குள் இடது ஜன்னல் முழுக்க வெயில் கொட்டியது. வலது பக்கம் குளுகுளு என்று நிழல்.

யாரும் நகரவில்லை.

இடது பக்கத்தில் வெயில் என்ற வார்த்தையையே யாரும் சொல்லவில்லை. ஜானகியம்மாள் முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது. அதைத் துடைத்தால் வியர்த்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று துடைக்காமல் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் வெளிச்சமா இருக்குதில்ல" என்றாள் ஒருத்தி.

"வெயில்ல விட்டமின் இருக்குது அத்தை. காசு குடுத்தாலும் கெடைக்காது" என்றாள் பிரியதர்ஷினி. அவள் மூக்கு தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

நிழலில் உட்கார்ந்திருந்த வலது பக்கத்தாருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை. விட்டமின் என்றது அவர்கள் காதிலும் விழுந்திருந்தது.

"பாத்தியா, இத்தன நாளா நம்மளுக்கு வெறும் வெயிலு. அவங்க பக்கம் போனதும் அதுல விட்டமின் வந்திருச்சு" என்றாள் ஒருத்தி ஏக்கத்தோடு.

அன்பரசிக்கு இந்த முறை வலி இடது பாதியில் ஆரம்பித்தது. இத்தனை வருஷம் சும்மா இருந்த பாதி. துப்பட்டாவை நனைத்துத் தலையில் போட்டாள், ஐந்து நிமிஷத்தில் அது இஸ்திரி போட்ட மாதிரி காய்ந்தது. மூன்றாவது நாள் கம்பெனி வாசலில் இறங்கியதும் குழாயடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நிமிர்ந்து பார்த்தால் எதிரே சந்திரமோகன்.

"நாளைக்கு நல்லாருந்தா வாங்க அன்பரசி" என்றார் எப்போதும்போல மெதுவாக. "இல்லேன்னா வரவே வேண்டாம்."

மறுநாள் பஸ் நாலு ரோட்டைத் தாண்டியதும் வெயில் மடியில் ஏறியது. அன்பரசி எதிர்ப் பக்கம் பார்த்தாள். ஜாஸ்மின் சீட்டில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. அவளுடைய பழைய இடம். ஜாஸ்மின் அவளைப் பார்க்காமல், ஆனால் அவளுக்குக் கேட்கிற மாதிரி, "நம்ம பக்கம் குளுருதுப்பா இன்னைக்கு" என்றாள்.

கம்பெனி வாசலும் எருமையும் மாறி மாறிக் கண்ணுக்கு முன்னால் வந்தன. அன்பரசி எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு நடுவழியைத் தாண்டினாள். இரண்டு எட்டுதான். ஆனால் அவள் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்துவிட்டதுபோல இடது பக்கம் முழுக்க "ஐயோ" என்றது.

"காய்ச்சல்காரி கிட்ட ஒக்கார்றியே, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றாள் ஜாஸ்மின். சொல்லிக்கொண்டே முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

அன்பரசி நிழலில் தலையைச் சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணுக்குப் பின்னால் இருந்த கம்பி தளர்ந்தது. அன்றைக்கு லைனில் ஒரு தப்பும் இல்லை. சந்திரமோகன் ஒன்றும் சொல்லாமல் கடந்து போனார். அதுவே பெரிய விஷயம்.

ராத்திரி திரும்பும் வழி முழுக்க, அவள் விட்டுப்போன வெயில் சீட்டுக்காக வலது பக்கத்தில் சண்டை நடந்தது. ஐந்தாறு பேர் அடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

இதையெல்லாம் ஜானகியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மூளை இல்லாதவர் அல்ல. மறுநாள் மத்தியானம் அதியமான்கோட்டையில் பஸ் வந்து நின்றதும் அவர் ஏறி, இடது பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வலது பக்கம் முதல் சீட்டில் போய் உட்கார்ந்தார். அதியமான்கோட்டைப் பெண்கள் அத்தனை பேரும் பின்னால் போனார்கள். மூன்று பேர் சீட்டில் இரண்டிரண்டு பேர். நடுவில் பை.

நாலு ரோட்டில் ஏறியவர்கள் படிக்கட்டிலேயே திகைத்து நின்றார்கள்.

"என்னாங்கக்கா, எங்க பக்கத்துல ஒக்காந்துட்டீங்க?"

"உங்க பக்கமா? நல்லா யோசிச்சுப் பாரு சாமி. ஆரம்பத்துலருந்தே நாங்க எந்தப் பக்கம்? நெழல் பக்கம். நெழலு எங்கியோ நாங்க அங்க. பக்கத்த மாத்தினது சூரியன், நாங்க மாறவே இல்ல."

"அப்ப நாங்க?"

"அதான் லெஃப்ட் சைடு காலியா கெடக்குதே. எத்தன நாளா கேட்டீங்க? போங்க, நல்லா ஒக்காருங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கூட்டத்துக்குள் ஒரு ஓட்டம் ஓடியது பாருங்கள். லெஃப்ட் சைடு! ரெண்டு வருஷம் கனவில்கூட உட்காராத லெஃப்ட் சைடு! இரண்டு பேர் சீட்டில் மூன்று மூன்று பேராக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி வீட்டுக்கு போன் போட்டு, "லெஃப்ட்டு கெடைச்சிருச்சுங்க" என்று சொன்னாள். வெயில் எல்லார் முகத்திலும் அடித்தது. அந்த வெயிலில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பாதி முகம் பளபளவென்று இருந்தது.

அன்பரசி மட்டும் ஓடவில்லை. வலது பக்கம் இரண்டாவது சீட்டில் பிரியதர்ஷினிக்குப் பக்கத்தில் பை வைத்த இடம் இருந்தது. அவள் உட்காரப் போனாள்.

"அது எங்க பக்கம் சாமி" என்றார் ஜானகியம்மாள்.

"நானும் உங்க பக்கந்தானுங்களே. டீக்கடைக்காரங்க வூடு."

"இருந்தே, இல்லேங்கல. நேத்து நீயாத்தான எறங்கி அந்தப் பக்கம் போனே?"

"நான் போனது இந்தப் பக்கந்தானுங்க! இதே பக்கந்தான்!"

"ஆமா. ஆனா நேத்து இது அந்தப் பக்கம்."

இந்த நியாயத்தை எந்த முனையில் பிடித்து இழுத்தாலும் அது அன்பரசியையே கொண்டுபோய் வெயிலில் உட்கார வைத்தது. இடது பக்கத்தில் இரண்டு பேருக்கு நடுவில் நெருங்கியிருந்த ஜாஸ்மின் கத்தினாள்.

"டீக்கடை, இங்க மடியில வேணா ஒக்காரு!"

பஸ் கிளம்பிவிட்டது. அன்பரசி நடுவழியில் கம்பியைப் பிடித்து நின்றபடி முன்னால் பார்த்தாள். டிரைவருக்குப் பக்கத்தில் என்ஜின் பெட்டி. அதன் மேல் தர்மனின் தண்ணிக்கேன், எண்ணெய்த் துணி, ஒரு ஸ்பேனர். முன்வாசலை ஒட்டிய இடது கண்ணாடியில் கம்பெனிப் பேர் போட்ட பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதன் நிழல் சரியாகப் பெட்டியின் மேல் விழுந்தது. அவள் போய்த் தண்ணிக்கேனை நகர்த்தினாள்.

தர்மன் பதறிவிட்டார். "ஏம்மா, இங்கெல்லாம் பொம்பளைங்க ஒக்கார மாட்டாங்க."

"ஒக்காரக் கூடாதுன்னு எழுதிப் போட்டிருக்குதாண்ணா?"

"எழுதல. யாரும் ஒக்காந்ததில்ல. அதுவும் சூடும்மா அது, வடை சுடலாம்."

"சூடு அடியிலதானுங்க. எனக்கு வலிக்கறது தலை."

பெட்டியோரம் கிடந்த ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு, பின்னால் பார்த்தபடி உட்கார்ந்தாள். பஸ் முழுக்க அவளைப் பார்த்தது. வலது பக்கம் சிரித்தது. இடது பக்கம் வலது பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தது. எப்படியிருந்த டீக்கடை வீட்டு மருமகள் என்று ஒருத்தி உச்சுக் கொட்டினாள். அன்பரசி கண்ணை மூடினாள். அன்றைக்கும் தலை வலிக்கவில்லை, அதற்கடுத்த நாளும் வலிக்கவில்லை.

வெயில் சீட்டின் பெருமை ஜாஸ்மினுக்கு ஒரு வாரம்தான் தாங்கியது. "லெஃப்ட்டாவது மண்ணாவது" என்று அவளும் ஒரு சாக்கோடு பெட்டிக்கு வந்துவிட்டாள். நாளாக நாளாகப் பெட்டிக்கும் ஒரு மவுசு வந்தது. தர்மன் ஹைவேயில் எந்த ஹோட்டலில் சட்னி கெட்டிருக்கிறது, யார் லாரி எங்கே மடக்கப்பட்டது என்றெல்லாம் முதலில் அவர்களிடம்தான் சொல்வார். பாட்டை மாற்றச் சொன்னால் மாற்றுவார். கம்பெனி வந்ததும் முதலில் இறங்குவது அவர்கள். பின்னால் இருப்பவர்களுக்கு ஏசி வண்டி எப்போது வரும் என்பது பற்றியோ நாளை வண்டி உண்டா என்பது பற்றியோ தெரிய வேண்டுமென்றால் பெட்டிக்காரர்களைத்தான் கேட்டார்கள். "பெட்டிக்காரங்க" என்று அவர்களைச் சொல்ல ஆரம்பித்ததே மற்றவர்கள்தான். நல்ல தொழிலாளி போட்டோவில் அன்பரசி முகம் வந்தது. நஞ்சம்மாள் அதை போனில் பார்த்துவிட்டு, "எங்கூட்டு அன்பரசி" என்று பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு வந்தாளாம்.

அந்த மாதக் கடைசியில் பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து சின்னம்மாள் என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். கடைசியாக வருகிறவள். இடது பக்கம் மூன்றாவது ஆளாக, ஜன்னலோடு ஒட்டி உட்கார வைக்கப்பட்டாள். நாலைந்து நாள் பார்த்துவிட்டு ஒரு மத்தியானம் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தாள். நெற்றியை ஒரு கையால் அழுத்தியிருந்தாள்.

"யக்கா, எனக்கு வெயிலு ஆவறதில்லீங்க. பாதித் தலை மட்டும் வலிக்குதுங்க. எடது பாதி. லைன்ல நேத்து தப்பா சொருகிட்டேன், சார் பாத்துட்டாரு. இந்தப் பெட்டி மேல ஒரு ஆளுக்கு எடமிருக்குதே, ஒக்காந்துக்கட்டுங்களா?"

இடம் இருந்தது. தாராளமாக இன்னொரு ஆள் உட்காரலாம். அன்பரசிக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கவே பாவமாக இருந்தது. எட்டி அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"உனக்கில்லாததா சாமி?" என்றாள். "ஆனா பாரு, இங்கயும் மொறைன்னு ஒண்ணு..."

சொல்லும்போதே அவள் சாப்பாட்டுப் பை அந்தக் காலியிடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. யார் எடுத்து வைத்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் ஜாஸ்மினைப் பார்த்தாள். ஜாஸ்மின் ஏதாவது சொல்லுவாள், நறுக்கென்று சொல்லுவாள் என்று காத்திருந்தாள்.

"ஆமா பாப்பா" என்றாள் ஜாஸ்மின். "எங்க சித்தி பொண்ணு அடுத்த மாசம் சேர்றா. அவளுக்குன்னு பேசி வெச்ச எடம்."

தர்மன் கண்ணாடியில் மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, ஆள் இல்லாத ரோட்டில் நீளமாக ஹாரன் அடித்தார்.

"சரிங்கக்கா, தெரியாம கேட்டுட்டனுங்க" என்று சின்னம்மாள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் தன் ஜன்னலுக்குத் திரும்பிப் போனாள்.

அன்பரசிக்கு மனசு கேட்கவில்லை. பையைத் திறந்து டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையை எடுத்தாள். இப்போது அவளுக்கு அது தேவைப்படுவதில்லை. ஒரு மாத்திரையை மட்டும் பிய்க்கப் போனவள், போகட்டும் என்று முழு அட்டையையும் பின்னால் அனுப்பினாள். அட்டை கை மாறிக் கை மாறி, நிழல் பக்கம் போய், நடுவழி தாண்டி, வெயில் பக்கம் போய்ச் சேர்ந்தது.

"பெட்டிக்காரங்களுக்கு நல்ல மனசு" என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

விழுந்ததும் அவள் பையைக் கொஞ்சம் நகர்த்தி, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.